கொண்டேக்கு மெர்ல் என்ன உறவு?

கேள்வி மொரீசியஸின் கத்ர் போர்ன் ஊரிலிருந்து வந்திருக்கிறது. வீட்டு வேலியில் ஆண்டுதோறும் கூடு கட்டும் கொண்டே என்ற பறவையும், மக்காபே காட்டு மரத்தின் உச்சியில் ஒரே ஒருமுறை கண்ட கறுத்த மெர்லும் ஒரே குடும்பம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பக்கத்துத் தீவான ரெயூனியனில் இருக்கும் உறவினரோ கொண்டேயைத்தான் மெர்ல் என்கிறாராம். அப்படியானால் இரண்டும் ஒன்றா, ஒன்றிலிருந்து மற்றது வந்ததா, இரண்டும் கூடிக் குஞ்சு பொரிக்குமா, காட்டில் பார்த்தால் எப்படிப் பிரித்தறிவது? கடைசியாக, லிச்சி மரத்தைக் கொண்டேயிடமிருந்து எப்படிக் காப்பது? இவைதான் கேட்டிருப்பவை.

சுருக்கமான பதில்: குடும்பம் ஒன்றுதான். இரண்டும் தமிழில் சின்னான் என்றும் கொண்டைக்குருவி என்றும் நாம் சொல்லும் குடும்பத்தைச் சேர்ந்தவை, அறிவியலில் பிக்னோனோட்டிடே. ஆனால் அண்ணன் தம்பி இல்லை, தூரத்துப் பங்காளிகள். மெர்லின் உடன்பிறப்பு என்று சொல்லத் தக்கது ரெயூனியன் காட்டில் இருக்கிறது. அதற்கு அடுத்த நெருக்கமான சொந்தங்கள் மடகாஸ்கர், கொமொரோ, செஷல்ஸ் தீவுகளிலும், நம்ப மாட்டீர்கள், நீலகிரியிலும் வால்பாறையிலும் இருக்கின்றன. உங்கள் வேலியில் இருக்கும் கொண்டே அந்த வட்டத்துக்குள் வராது.

குழப்பத்தின் வேர் பெயரில் இருக்கிறது, அதை முதலில் அவிழ்த்துவிடலாம். மெர்ல் என்பது பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் ஊரில் கறுப்பு உடலும் ஆரஞ்சு மஞ்சள் அலகும் கொண்ட ஒரு பறவைக்கு வைத்திருந்த பெயர். அந்தப் பறவை பூங்குருவிக் குடும்பம், சின்னான்களுக்கு அதனுடன் நெருங்கிய தொடர்பு கிடையாது. இங்கே வந்து இறங்கியவர்கள் காட்டில் கறுத்த உடலும் ஆரஞ்சு அலகுமாக ஒன்றைப் பார்த்ததும் ஊர்ப் பெயரையே வைத்துவிட்டார்கள். ரெயூனியனிலும் அதே கதை. அங்கே உள்ளூர்ப் பறவை ‘மெர்ல் பேயி’, அதாவது நாட்டு மெர்ல். பிறகு மொரீசியஸிலிருந்து கொண்டே போய்ச் சேர்ந்தபோது அதை ‘மெர்ல் மொரீஸ்’ என்றார்கள். ஆக உங்கள் உறவினர் சொல்வதும் தப்பில்லை, அவர் தீவில் இரண்டுக்கும் மெர்ல்தான் பெயர். நம் தீவில் மட்டும் ஒன்று மெர்ல், மற்றது கொண்டே. கிரியோல் மொழியில் ‘கொண்டே’ என்று சொல்லும்போது தமிழ்க் காதில் கொண்டை என்றே விழுகிறது. பறவையின் தலையைப் பார்த்தால் அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்பதும் தெரிகிறது.

இனி உறவு. சின்னான் குடும்பத்தில் ஏறக்குறைய 150 இனங்கள் இருக்கின்றன. மரபணுவை வைத்துப் பார்த்தால் இந்தக் குடும்பம் அடிமரத்திலேயே இரண்டு பெருங்கிளையாகப் பிரிகிறது: ஒன்று ஆப்பிரிக்கக் காடுகளின் பச்சைச் சின்னான்கள், மற்றது ஆசியக் கிளை. கொண்டே, மெர்ல் இரண்டுமே ஆசியக் கிளை. வரைபடத்தில் மொரீசியஸ் ஆப்பிரிக்காவின் பக்கம் தொங்குவதால் இங்குள்ள காட்டுப் பறவை ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கும் என்று நினைப்பது இயல்பு. மெர்ல் விஷயத்தில் அது பொருந்தாது. மெர்ல் சேர்ந்திருக்கும் ஹிப்சிபெட்டெஸ் என்ற பேரினத்தில் ஒரு பறவைகூட ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் கிடையாது. ஆசியாவில் இருக்கிறது, இந்தியப் பெருங்கடலின் மேற்குத் தீவுகளில் இருக்கிறது, நடுவில் கடல்தான். அப்படியானால் இதன் முன்னோர் கடலைப் பறந்தே கடந்திருக்க வேண்டும்.

அவ்வளவு தூரம் ஒரு பழந்தின்னிப் பறவையால் எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். பனியுகங்களில் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது. இப்போது நீருக்கடியில் மூழ்கிக் கிடக்கும் சாயா தெ மால்யா, நசரேத் போன்ற மேட்டுத்திட்டுகள் அப்போது தீவுகளாக வெளியே இருந்தன. இந்தியாவுக்கும் நமக்கும் நடுவே ஆற்றில் போட்ட படிக்கல் மாதிரி அவை கிடந்தன. வடகிழக்குப் பருவக்காற்று அந்தத் திசையில்தான் தள்ளும். ஹிப்சிபெட்டெஸ் பறவைகள் கூட்டமாக, உயரத்தில், பழம் தேடி நெடுந்தூரம் அலைகிற குணமுள்ளவை. காற்றில் அடித்து வரப்பட்ட ஒரு கூட்டம் ஒரு திட்டில் இறங்கி, அதன் வழி வந்தவை அடுத்த திட்டுக்குப் போயிருக்கலாம் என்பதுதான் ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

அப்படி வந்ததன் வழித்தோன்றல்கள் இன்றைக்கு ஆறு இனங்களாக நிற்கின்றன: மடகாஸ்கரில் ஒன்று, கொமொரோ தீவுகளில் இரண்டு, செஷல்ஸில் ஒன்று, ரெயூனியனில் மெர்ல் பேயி, மொரீசியஸில் நம் மெர்ல். அழிந்துபோன இன்னொன்றும் இருந்திருக்கிறது. ரோட்ரீக் தீவின் குகைகளில் கிடைத்த எலும்புகளை வைத்து 2015-இல் ஹிப்சிபெட்டெஸ் கௌலெசி என்று ஒரு சின்னானுக்குப் பெயர் வைத்தார்கள். உயிரோடு இருந்த அந்தப் பறவையைப் பற்றி எந்தக் குறிப்பும் இல்லை, எலும்புதான் மிச்சம். மொரீசியஸ், ரெயூனியன், ரோட்ரீக் என்ற மஸ்கரேன் தீவுகள் மூன்றிலும் ஒவ்வொரு மெர்ல் இருந்தது, ஒன்று போய்விட்டது என்பதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற இரண்டின் மதிப்பு விளங்கும்.

நம் மெர்லையும் ரெயூனியன் மெர்லையும் நெடுங்காலம் ஒரே இனத்தின் இரண்டு வடிவங்களாகத்தான் எழுதினார்கள். நம்முடையது அளவில் பெரியது, ரெயூனியனுடையது சிறியது, அதன் கண் வெளுத்து இருக்கும். இடையில் சுமார் 175 கிலோமீட்டர் கடல். இப்போது இரண்டையும் தனித்தனி இனமாகவே வைக்கிறார்கள், ஆனால் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமானவை. அக்கா தங்கை என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

நீலகிரி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலைச் சோலைகளிலும் இலங்கையின் ஈரக்காடுகளிலும் கருஞ்சின்னான் இருக்கிறது. உடல் முழுக்கச் சாம்பல் கறுப்பு, தலையில் கலைந்த குட்டிக் கொண்டை, சிவந்த அலகு, சிவந்த கால், சதுரமாக வெட்டியது போன்ற வால். பேரினம் ஹிப்சிபெட்டெஸ், அதாவது நம் மெர்லின் பேரினம். குன்னூரிலோ வால்பாறையிலோ ஒரு பழமரத்தடியில் நின்று மேலே பார்த்தால், உச்சியில் கருஞ்சின்னான் கூட்டம் பூனை மாதிரிக் கத்திக்கொண்டு பழம் தின்னும். அதே மரத்தின் கீழ்க்கிளையில், தேயிலைத் தோட்டத்து ஓரமாக, சிவப்புக் கன்னத்தோடு செம்மீசைச் சின்னான் உட்கார்ந்திருக்கும். அந்தச் செம்மீசைச் சின்னான்தான் நம்மூர்க் கொண்டே, பிக்னோனோட்டஸ் ஜோகோசஸ். பக்கத்துப் பக்கத்தில் காலங்காலமாக வாழ்ந்தும் அங்கே அவை இரண்டாகவே இருக்கின்றன.

கலப்பு பற்றிய உங்கள் கேள்விக்கு இதிலேயே பாதி விடை வந்துவிட்டது. பிக்னோனோட்டஸ் பேரினத்துக்குள்ளேயே நெருங்கிய இனங்கள் கலப்பதுண்டு. செம்மீசைச் சின்னானும் நம் ஊர்களில் சாதாரணமாகக் காணும் செம்புழைச் சின்னானும் கூடிக் குஞ்சு பொரித்ததாகப் பதிவுகள் இருக்கின்றன. பிக்னோனோட்டஸும் ஹிப்சிபெட்டெஸும் பிரிந்து பல பத்து லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. உடல் அளவும் வேறு, குரலும் வேறு, ஜோடி சேரும் முறையும் வேறு. மொரீசியஸில் நூறாண்டுக்கு மேலாக ஒரே தீவில் இருந்தும் கொண்டேயும் மெர்லும் கலந்த பறவை என்று ஒன்று தென்பட்டதில்லை. யாராவது ‘பாதி மெர்ல்’ என்று ஒரு படத்தைக் காட்டினால் அது பெரும்பாலும் கொண்டேக் குஞ்சாக இருக்கும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

கொண்டே இங்கே வந்த வழி வேறு. அது பறந்து வரவில்லை, கூண்டில் வந்தது. 1892-இல் கூண்டுப் பறவையாகக் கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 29-இல் தீவையே புரட்டிப்போட்ட புயலில் கூண்டு உடைந்து அவை வெளியேறின என்பது வழக்கமாகச் சொல்லப்படும் செய்தி. இருபது ஆண்டுக்குள் தீவெங்கும் பரவிவிட்டது. ரெயூனியனில் அதை முதலில் கண்டது 1972-இல். அங்கேயும் இதே வேகம்தான். அங்கே நடந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: வறண்ட கரையோரத்துக் கொண்டேக்கும் ஈர மலைப்பக்கத்துக் கொண்டேக்கும் முப்பது சொச்ச ஆண்டுக்குள்ளேயே அலகின் வடிவில் அளந்து சொல்லக்கூடிய வேறுபாடு வந்துவிட்டது. புது ஊருக்கு ஏற்ப உடம்பை மாற்றிக்கொள்ள இந்தப் பறவைக்கு எவ்வளவு குறைந்த காலம் போதும் என்பதற்கு இது சாட்சி.

கொண்டே தமிழ்நாட்டிலிருந்து வந்ததா என்றும் நம்மவர்கள் ஆசையோடு கேட்பதுண்டு. வாலைப் பாருங்கள். செம்மீசைச் சின்னானில் பல கிளையினங்கள் உண்டு. தமிழ்நாடு, கேரளம் உள்ளிட்ட தென்னிந்தியப் பறவைகளின் வால் நுனியில் வெள்ளை கிடையாது, மார்பில் பழுப்புப் பட்டை ஏறக்குறைய முழு வளையமாகச் சேரும். வங்காளம், பர்மா பக்கத்துப் பறவைகளுக்கு வாலின் வெளியிறகு நுனிகள் வெள்ளை, மார்புப் பட்டை நடுவில் விட்டிருக்கும். உங்கள் வேலியிலிருந்து கொண்டே பறக்கும்போது வால் விசிறி மாதிரி விரியும், அந்த ஒரு நொடியில் நுனி வெள்ளையாகத் தெரிந்தால் அது தமிழ்நாட்டு வழி இல்லை.

பிரித்தறிவது எளிது என்றுதான் புத்தகங்கள் சொல்லும். பகல் வெளிச்சத்தில், பத்தடி தூரத்தில் எளிதுதான். கொண்டே சுமார் 18 செ.மீ. நீளம், 30 கிராமுக்குச் சற்று முன்பின்னான எடை. கூம்பு மாதிரி நிமிர்ந்த கறுப்புக் கொண்டை, கண்ணுக்குப் பின்னால் ஒரு சிவப்புக் கீற்று, அதற்குக் கீழே வெள்ளைக் கன்னம், அந்த வெள்ளையின் கீழ்விளிம்பில் மையால் கோடிழுத்தது போல மெல்லிய கறுப்பு வரி. வயிறு வெள்ளை, வாலடி சிவப்பு, அலகு கறுப்பு. மெர்ல் 25 செ.மீ. அளவு, பார்த்த மாத்திரத்தில் பெரியது என்று படும். உடல் முழுக்க ஒரே மங்கல் சாம்பல், அதில் லேசான பச்சைப் பழுப்பு. உச்சந்தலை கறுப்பு, அங்கே கொண்டை என்று சொல்வதற்குப் பதில் கலைந்த முடி என்று சொல்லலாம். சிவப்பு எங்குமே இல்லை. அலகு ஆரஞ்சு மஞ்சள், நீளம், உறுதி. ஈரமான காட்டில், பாசி படர்ந்த கிளைக்கு நடுவே, உடம்பு இலை நிழலில் கரைந்துபோய் அந்த அலகு மட்டும் பழுத்த மிளகாய்த் துண்டு மாதிரி அசைவது தெரியும். முதலில் கண்ணில் படுவது அதுதான்.

தப்பு நடப்பது வேறு இடங்களில். முதல் தப்பு, கொண்டேயின் இளம் பறவை. கூட்டை விட்டு வந்த புதிதில் அதன் கன்னத்தில் சிவப்பே இருக்காது, கொண்டை கட்டையாகப் பழுப்பாக இருக்கும், வாலடி சிவப்புக்குப் பதில் மங்கிய செம்மஞ்சள். இதைத்தான் ‘பாதி மெர்ல்’ என்று நினைத்துவிடுகிறார்கள். வெள்ளை வயிறு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் மெர்ல் இல்லை. இரண்டாவது தப்பு, மார்த்தேன், அதாவது மைனா. அதற்கும் மஞ்சள் அலகு, கறுத்த தலை. ஆனால் கண்ணைச் சுற்றி மஞ்சள் தோல், மஞ்சள் கால், பறந்தால் இறக்கையில் பெரிய வெள்ளைத் திட்டு. மார்த்தேன் தரையில் நடக்கும், மெர்ல் மரத்தை விட்டு இறங்குவது அரிது. மூன்றாவதுதான் உண்மையில் சிக்கல்: குயிசினியே. இதுவும் மொரீசியஸுக்கே உரிய காட்டுப் பறவை, இதன் ஆண் சாம்பல் நிறம், மெர்ல் இருக்கும் காட்டிலேயே இருக்கும். அதன் அலகு கறுப்பு. மேலும் அது இலைகளுக்கிடையில் மெதுவாக, ஒவ்வொரு கிளையாக நின்று புழு தேடும். மெர்ல் அப்படி இல்லை. பழம் இருக்கிற மரத்துக்கு இரண்டு மூன்றாக வரும், சத்தம் போடும், ஒரே பாய்ச்சலில் பள்ளத்தாக்கைத் தாண்டிப் போய்விடும்.

குரலைக் கற்றுக்கொண்டால் கண்ணுக்கு வேலை குறையும். கொண்டேயின் குரல் மூன்று நாலு அசையில் தெளிவாக, ஏறி இறங்கி, யாரையோ நலம் விசாரிப்பது போல இருக்கும். லின்னேயஸ் 1758-இல் வைத்த ‘ஜோகோசஸ்’ என்ற பெயருக்கே லத்தீனில் களிப்பானது என்று பொருள். தென் தாய்லாந்தில் இந்தக் குரலுக்காகவே கூண்டில் வளர்த்துப் போட்டி நடத்துகிறார்கள். மெர்லிடம் அந்த இனிமை கிடையாது. கரகரத்த, உரத்த பேச்சு. இடையிடையே மூக்கால் இழுத்துப் பூனை போல ஒரு கத்தல். நீலகிரிக் கருஞ்சின்னானைக் கேட்டவர்களுக்கு அந்தப் பூனைக்குரல் உடனே பிடிபடும். குடும்பச் சாடை குரலிலும் வரும்.

ஆண் பெண் வேறுபாடு கேட்டால், இரண்டு இனத்திலும் தோற்றத்தை வைத்துச் சொல்ல முடியாது.

மெர்லைப் பார்க்க வேண்டுமானால் தென்மேற்கு மேட்டுக்காடுதான் இடம்: பெத்ரின், மக்காபே, பிரிஸ் ஃபெர். எல்லாம் 1994-இல் அறிவிக்கப்பட்ட பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. பூங்காவின் பரப்பு 6,574 ஹெக்டேர். விடிந்து முதல் இரண்டு மணி நேரம் நல்லது. மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கும் வேளை அதைவிட நல்லது, அப்போது பறவைகள் இறகு உலர்த்த உச்சிக்கு வரும். நடந்துகொண்டே தேடாதீர்கள். பழம் பழுத்த ஒரு நாட்டு மரத்தைக் கண்டுபிடித்து, அதன் முழு உச்சியும் தெரிகிற தூரத்தில், அரை மணி நேரம் ஒரே இடத்தில் நில்லுங்கள். இருநோக்கி 8x42 போதும். அதைவிடப் பெரிதானால் மூடுபனியில் கை நடுக்கம்தான் மிஞ்சும். குரலைப் பதிவு செய்து அங்கே ஒலிக்க விடாதீர்கள். சில நூறு ஜோடிகள் மட்டுமே உள்ள ஒரு இனம், கூடு கட்டும் காலத்தில் இல்லாத எதிரியை விரட்டப் போய் முட்டையை விட்டு எழுந்தால், அந்த நேரம் குரங்குக்குப் போதும்.

குரங்கு என்றேன். மெர்லுக்குக் கேடு யாரால் என்ற கேள்வியில் கொண்டேயை முதல் குற்றவாளி ஆக்கிவிடக் கூடாது. முதல் காரணம் காடு போனது: நல்ல நிலையில் உள்ள நாட்டுக்காடு தீவின் பரப்பில் 2 சதவீதத்துக்கும் குறைவு. இரண்டாவது, ஏறக்குறைய நானூறு ஆண்டுக்கு முன் கப்பலில் வந்த நண்டுதின்னிக் குரங்கும், கப்பல் எலியும். இரண்டும் கூட்டில் முட்டையையும் குஞ்சையும் எடுத்துவிடும். கொண்டே செய்யும் கேடு இவற்றைப் போல நேரடியானது இல்லை. அது விதையின் வழியாகப் போகிறது. இந்த இடத்தில்தான் உங்கள் தோட்டமும் கணக்கில் வருகிறது.

பிரிவே புதரைக் கவனித்திருப்பீர்கள். இலங்கையிலிருந்து வந்த செடி, கொத்துக் கொத்தாகக் கரு ஊதாப் பழம். ஒரு கொண்டே அதில் உட்கார்ந்தால் பழத்தை நசுக்காமல், கொறிக்காமல், தலையை ஒருமுறை பின்னால் சாய்த்து முழுசாக விழுங்கும். ஐந்தாறு பழத்துக்குப் பிறகு அலகைக் கிளையில் இரண்டு பக்கமும் துடைக்கும். அப்புறம் பறந்துபோய் வேறொரு மரத்தில் உட்காரும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் ஊதாக் கறையோடு எச்சம் விழும், விதை அதில் சதை நீங்கிச் சுத்தமாக இருக்கும். சதையோடு தரையில் விழுந்த பழம் பூஞ்சை பிடித்துக் கெடும். சதை நீங்கிய விதை முளைக்கும். கொய்யாவின் சின்ன உறவான கொயாவ் தெ ஷின், முள்ளுப் பழச்செடி பிக்கான் லூலூ, கிளிடேமியா எல்லாவற்றுக்கும் இதே வேலைதான். கொண்டே காட்டு ஓரத்தையும் தோட்டத்தையும் ஒரே நாளில் தொட்டு வருகிற பறவை. கிராமத்தில் தின்றதைக் காட்டு விளிம்பில் போடும். அங்கே பிரிவே அடர்ந்தால் நாட்டு மரக்கன்று வெளிச்சமில்லாமல் சாகும். நாட்டு மரம் இல்லாவிட்டால் மெர்லுக்குப் பழமும் இல்லை, கூடு வைக்க உயரக் கிளையும் இல்லை.

மெர்லும் பழம் விழுங்கி விதை போடும் பறவைதான். அதுதான் இந்தப் பங்காளிகளின் பொதுக்குணம். அது வாழ்வது காட்டுக்கு உள்ளே, அலகும் பெரிது. கொண்டேயின் வாய்க்குள் நுழையாத பெரிய நாட்டுப் பழங்களையும் அது எடுக்கும். அதனால் ‘ஒரு சின்னான் போனால் இன்னொரு சின்னான் இருக்கிறதே’ என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மெர்ல் போனால் அதன் வேலையைக் கொண்டே எடுத்துச் செய்யாது. கொண்டேக்கு ஏற்றது சின்ன விதை, அதிலும் பெரும்பங்கு வந்தேறிச் செடியின் விதை. பிரிஸ் ஃபெரில் வேலி போட்ட திட்டுகளைப் பார்த்திருக்கலாம். மானும் பன்றியும் புகாமல் வேலி, உள்ளே ஆட்கள் கையாலேயே கொய்யாவையும் பிரிவேயையும் பிடுங்குகிறார்கள். ஒருமுறை பிடுங்கினால் முடிவதில்லை. வெளியிலிருந்து பறவை விதை கொண்டுவந்துகொண்டே இருப்பதால் திரும்பத் திரும்ப வர வேண்டியிருக்கிறது.

இதே காரணத்துக்காகத்தான் செஷல்ஸின் அசம்ப்ஷன் தீவில், மொரீசியஸிலிருந்து போன கொண்டேக்களை ஒன்று விடாமல் அகற்றினார்கள். பக்கத்தில் அல்தாப்ரா தீவு இருக்கிறது, அங்கேயும் ஒரு நாட்டுச் சின்னான் இருக்கிறது என்பதால். சின்னஞ்சிறு தட்டைத் தீவிலேயே பல ஆண்டு உழைப்பு பிடித்த வேலை அது. மலையும் கரும்புத் தோட்டமும் ஊருமாக இருக்கும் மொரீசியஸில் அது நடக்காது. ஆகவே கொண்டேயை அடிப்பதில் பலன் இல்லை. கூண்டில் பிடித்து இன்னொரு தீவுக்கு எடுத்துப் போகாமல் இருப்பதும், அது தின்கிற செடியைக் குறைப்பதும்தான் நம் கையில் இருப்பவை.

வேலியில் பிரிவே இருந்தால் பூ முடிந்து பழம் பழுப்பதற்கு முன் வெட்டுங்கள். வெட்டினால் மட்டும் அடியிலிருந்து மறுபடி பல கிளையாகத் துளிர்க்கும், இளங்கன்றானால் மழை பெய்த மறுநாள் வேரோடு பிடுங்குங்கள். மண் ஈரமாக இருக்கும்போது வேர் அறுபடாமல் வரும், காய்ந்த மண்ணில் இழுத்தால் பாதி வேர் உள்ளேயே நின்றுவிடும். பழம் பிடித்த கிளையைக் குப்பைக்குழியில் போடாதீர்கள், மூட்டையாகக் கட்டி அப்புறப்படுத்துங்கள். அந்த இடத்தில் செம்பருத்தி, குரோட்டன் போன்றவை போதும். கொண்டே அதிலும் கூடு கட்டும், கட்டட்டும். இடுப்பு உயரத்துக்கும் தலை உயரத்துக்கும் நடுவே, இலைக் கவட்டில், நார், சுள்ளி, சில சமயம் காகிதத் துணுக்கு, பிளாஸ்டிக் நூல் எல்லாம் வைத்த சிறு கிண்ணம். இரண்டு மூன்று முட்டை, வெளிறிய இளஞ்சிவப்பில் ஊதாச் சிவப்புப் புள்ளிகள் பெரிய முனையில் நெருங்கி இருக்கும். சுமார் 12 நாளில் பொரிக்கும்.

லிச்சிக்கு வருவோம். பப்பாளி, ஜமலாக் எனும் ஜம்பு, வாழை, கொய்யா ஆகியவற்றின் மெல்லிய தோலைக் கொண்டே தானே கிழிக்கும். லிச்சியின் தோல் முரடு. அதில் கொண்டேயைப் பார்த்தால் பெரும்பாலும் வௌவால் கடித்துவிட்டதையோ, மழைக்குப் பின் வெடித்ததையோ தின்றுகொண்டிருக்கும். காலையில் வந்து பார்க்கிறவருக்குத் தெரிவது கொண்டே மட்டும். ஆகவே முதல் வேலை வெடிப்பைக் குறைப்பது: காய் பருக்கத் தொடங்கியது முதல் ஒரே சீராகத் தண்ணீர் கொடுங்கள். நாள்கணக்கில் காயவிட்டு ஒரேயடியாகப் பாய்ச்சினால் உள்ளே சதை வீங்கித் தோல் தாங்காமல் பிளக்கும். நவம்பரில் வறட்சிக்குப் பின் பெருமழை வந்தாலும் இதே நடக்கும், அதனால் மரத்தடியில் சருகு மூடாக்குப் போட்டு ஈரத்தைப் பிடித்து வையுங்கள்.

வலை போடுவதானால் மரத்தின் மேல் சும்மா விரித்துப் போடாதீர்கள். தளர்ந்த வலை கிளையோடு ஒட்டிக்கிடக்கும். பறவை வெளியிலிருந்தே பழத்தைக் கொத்தும், காலும் இறகும் சிக்கும், வௌவாலும் சிக்கும். நாலு மூலையில் மூங்கிலோ குழாயோ நட்டு, உச்சிக்கு மேல் ஓரடி இடைவெளி விட்டு, மத்தளத் தோல் மாதிரி இழுத்துக் கட்டுங்கள். கீழே தரைவரை இறக்கி ஓரத்தைக் கல்லாலோ முளையாலோ அழுத்துங்கள், இல்லாவிட்டால் கொண்டே கீழே நடந்து உள்ளே போகும், வெளியே வரத் தெரியாமல் அடித்துக்கொள்ளும். வலையின் கண் உங்கள் சுண்டுவிரல் நுழையாத அளவாக இருக்கட்டும், நிறம் வெள்ளை. மெல்லிய ஒற்றை நைலான் இழையில் பின்னிய மீன்வலையைப் பயன்படுத்தாதீர்கள். அது பறவையின் கண்ணுக்குத் தெரியாது, தொடையை அறுத்துவிடும். மரம் பெரிதாக இருந்து முழுசாக மூட முடியாவிட்டால், நிறம் ஏறத் தொடங்கும்போது எட்டுகிற கொத்துகளுக்கு மட்டும் காற்றுப் போகும் துணிப்பை கட்டலாம். பிளாஸ்டிக் பை கட்டினால் உள்ளே வியர்த்து அழுகும்.

காலையிலும் மாலையிலும் வலையை ஒரு சுற்றுப் பாருங்கள். பறவை சிக்கியிருந்தால் முதலில் ஒரு துணியால் தலையை மூடுங்கள், இருட்டானால் அடங்கும். பிறகு உடலை உள்ளங்கையில் ஏந்தி, கால் பக்கமிருந்து தொடங்கி வலையை வெட்டுங்கள். வலை போனால் போகட்டும். இறகைப் பிடித்து இழுத்தால் மூட்டு விலகும். இப்படிக் கையில் எடுத்த நேரத்தில் வால் நுனியையும் பார்த்துவிடலாம். மேட்டுக்காட்டை ஒட்டிய தோட்டமாக இருந்து, வலையில் சிக்கியது ஆரஞ்சு அலகோடு, சிவப்பே இல்லாமல், கை நிறைய இருந்தால் அது மெர்ல். சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள பறவை. காயம் இல்லாவிட்டால் பிடித்த இடத்திலேயே, காட்டுப் பக்கம் முகம் திருப்பி உடனே விட்டுவிடுங்கள். காயம் இருந்தால் துளையிட்ட அட்டைப்பெட்டியில், அடியில் துணி விரித்து, தண்ணீரோ உணவோ வாயில் ஊட்டாமல், இருட்டாக மூடித் தேசியப் பூங்கா அலுவலர்களிடம் அன்றைக்கே சேர்ப்பியுங்கள்.